ராசிக்குச்சி தொடாத குப்பி

அந்த ஆய்வகத்தில் அவளை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் அவள் வளர்த்த படிகங்கள் எல்லாம் ஊசி ஊசியாகவே வந்து தொலைத்தன என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவள் வாய். யார் தப்பாகப் பேசினாலும், அது பேராசிரியராகவே இருந்தாலும், நறுக்கென்று ஒரு குத்து குத்தாமல் அந்த வாய் சும்மா இருக்காது. அப்படிப்பட்டவள் அந்த வியாழக்கிழமைக் கூட்டத்தில் வாயடைத்து உட்கார்ந்திருந்தாள். எல்லோருக்கும் அது ஆச்சரியம். சிலருக்கு ஆனந்தமும்தான்.

திரையில் இரண்டு படங்கள். இடப்பக்கம் இருந்தது அவளுடைய படிகம். நடுவில் மாலிப்டினமும் ஆக்சிஜனும் திரண்டு உருண்டையாகிவிட்ட ஒரு கொத்து, மேலெல்லாம் எதிர்மின்சுமையோடு. அந்தச் சுமையை ஈடுகட்டச் சுற்றிலும் தட்டையான கரிம மூலக்கூறுகள். ஒவ்வொரு மூலக்கூறின் முனையிலும் ஓர் அயோடின் அணு. அந்த அயோடின் ஒவ்வொன்றும் கொத்தின் ஓர் ஆக்சிஜனை நேர்க்கோட்டில் பார்த்தபடி, வழக்கத்தைவிட நெருங்கி நின்றது. இவை சும்மா நிற்கவில்லை, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன, இது ஹாலஜன் பிணைப்பு, இந்தப் படிகத்தைக் கட்டி நிறுத்துவதே இதுதான் என்று அவள் இத்தனை நாளும் கரடியாகக் கத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆய்வேட்டின் முதுகெலும்பே அந்த நேர்க்கோடுதான்.

வலப்பக்கம் இருந்தது செல்லப்பிள்ளையின் படிகம். பேராசிரியர் திட்டாத ஒரே ஆள் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். அயோடினைக் கழற்றிவிட்டு, ஏறக்குறைய அதே பருமனுள்ள மெத்தில் என்ற கார்பன்-ஹைட்ரஜன் தொகுதியை அந்த முனையில் மாட்டி அவன் வளர்த்த படிகம் அது. அயோடின் பிடிப்பதைப் போல ஆக்சிஜனைப் பிடிக்க மெத்திலுக்கு வழி கிடையாது. ஊசி சொல்வது உண்மையானால் அயோடின் போனதும் கட்டடம் சரிந்து, வேறு மாதிரி அடுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. படிகத்துக்குள் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் சின்னப் பெட்டியை அலகுக்கூடு என்பார்கள். அதன் நீளங்களும் கோணங்களும் இரண்டிலும் அச்சு அசல் ஒன்றாகவே இருந்தன.

“பாத்தீங்களா,” என்றார் பேராசிரியர், நாற்காலியில் சாய்ந்துகொண்டு. “அயோடின் இருந்தாலும் அதே கட்டடம், இல்லாட்டியும் அதே கட்டடம். அப்போ அயோடின் எதைப் பிடிச்சுட்டு நிக்குது? ஒண்ணையும் இல்ல. நெரிசல் பஸ்ல ரெண்டு பேர் ஒட்டி நிக்கிறாங்க. அதுக்காக அவங்க சொந்தக்காரங்களா?”

சிரிப்பு எழுந்தது. சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரித்த சிரிப்பு.

“நெரிசல்ல நிக்கிறவங்க ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிப்பாங்க சார்,” என்றாள் ஊசி. “இங்க அத்தனை பேரும் நேருக்கு நேர் முகம் பாத்து நிக்கிறாங்களே.”

“மெத்திலும் அப்படித்தாம்மா நிக்குது. அதுக்கு என்ன சொல்றே?”

ஊசி திரையின் வலப்பக்கத்தையே வெறித்தாள். பேராசிரியர் தொடர்ந்தார்.

“கட்டுரைய திங்கட்கிழமை சாயங்காலம் அனுப்பறேன். அயோடினுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவுல பிணைப்பு எதுவும் இல்ல, அந்த நெருக்கம் தற்செயல், அவ்வளவுதான். பேர் இருக்கிற எல்லாரும் சம்மதம் சொல்லிடுங்க. உன் பேரும் இருக்கு. சம்மதிச்சா உன் ஆய்வேட்டுல அந்த அத்தியாயத்த அதுக்கேத்த மாதிரி மாத்திக்கோ.”

“சம்மதிக்கலைன்னா?”

“பேர எடுத்துடுவேன். அத்தியாயத்தையும் நீ எடுத்துட வேண்டியதுதான். நான் கையெழுத்துப் போடாத அத்தியாயத்த எங்க கொண்டுபோய் வெப்பே?”

“அப்போ எடுத்துடுங்க சார்,” என்றாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. ஆனாலும் அவள் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவள் கணவன் துணி மடித்துக்கொண்டிருந்தான். நீச்சல்குளத்தில் பயிற்சி கொடுப்பவன். நாள் முழுக்கக் குளத்தில் கிடந்து அவன் தலைமுடி போய்விட்டது என்று அவனும், அது பரம்பரை வழுக்கை என்று அவன் அம்மாவும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா, அதாவது ஊசியின் அத்தை, நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரார் சொன்ன பொய்யையெல்லாம் அட்சரம் பிசகாமல் தட்டச்சு செய்து சலித்துப்போனவர். அதனால் வீட்டில் யாராவது பூசி மெழுகிப் பேசினால் அவருக்குச் சுள்ளென்று கோபம் வரும்.

“சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன்,” என்றான் கணவன், ஒரு துண்டை உதறியபடி. “படிப்ப முடி. அப்புறம் உன் சொந்த ஆய்வகத்துல எத வேணா பிடிச்சுத் தொங்கிக்கோ.”

“டேய், நீ துணிய மடி,” என்றார் அத்தை. “ஏம்மா, அப்படி என்னதான் சண்டை? எனக்குப் புரியற மாதிரி சொல்லு. யாரு யாரப் பிடிக்கிறாங்க?”

ஊசி சுற்றுமுற்றும் பார்த்தாள். கணவன் தலை விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. அவளுக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது.

“அத்தை, அயோடின் அணுவ உங்க பிள்ளை தலைன்னு வெச்சுக்கோங்க. எலக்ட்ரானெல்லாம் முடி. முடி எதிர்மின்சுமை. ஆக்சிஜனும் எதிர்மின்சுமைதான். ரெண்டும் கிட்ட வந்தா தள்ளிவிடணும், இல்லையா? அதனால ரெண்டும் சேரவே சேராதுன்னு சார் சொல்றாரு. ஆனா அயோடினோட முடி ஒரே சீரா இருக்காது. கழுத்துப் பக்கம் அது கார்பனோட ஒட்டியிருக்கு. அதுக்கு நேர் எதிர்ல, உச்சந்தலையில, முடி குறைஞ்சு ஒரு வழுக்கை இருக்கு. அந்த வழுக்கைல மட்டும் நேர்மின்சுமை எட்டிப் பாக்கும். ஆக்சிஜன் அந்த இடத்தத் தேடி வந்து நிக்கும். காதுப் பக்கம் வராது, பிடரிப் பக்கம் வராது. உச்சியில மட்டும்தான். அதான் அந்த நேர்க்கோடு.”

“என் தலையில எவனும் வந்து நிக்கலையே,” என்றான் கணவன்.

“நான் வந்து நின்னேனே,” என்றாள் ஊசி. அத்தை வாய்விட்டுச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் அத்தை கேட்டார்: “இவ்வளவு தெளிவா இருக்கே, பின்ன ஏன் முகம் செத்துப்போயிருக்கு?”

“அந்தப் பையன் அளந்தது பொய் இல்ல அத்தை. வழுக்கையே இல்லாத ஆள நிறுத்தினாலும் ஆக்சிஜன் அதே இடத்துல நிக்குது. அது எப்படின்னு எனக்குத் தெரியல. நான் சொல்றது சரின்னு தெரியுது, அவங்க காட்டறதும் நிஜமா இருக்கு.”

“தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. அது அவமானம் இல்ல. ஆனா தெரியாதத தெரிஞ்சதா எழுதி அதுக்குக் கீழ உன் பேர வெக்காதே. அந்த மாதிரி தாள் நான் நிறைய அடிச்சிருக்கேன். அதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டவங்க மூஞ்சியெல்லாம் பாத்திருக்கேன்.” அவ்வளவு சொல்லிவிட்டு அத்தை மகன் மடித்த துணியைக் கலைத்துத் தானே மறுபடி மடிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை கண்ணாடிச் சாமான்கள் கழுவும் முறை ஊசியுடையது. அந்த ஆய்வகத்தின் பிரசித்தி பெற்ற ராசிக்குச்சி பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பேராசிரியர் மாணவராக இருந்தபோது அவருக்கு முதல் படிகத்தைக் கொடுத்த கண்ணாடிக் குச்சி அது. கரைசல் குப்பிக்குள் மௌனமாகக் கிடந்து படிகம் தர மறுக்கும்போது, கண்ணாடிக் குச்சியால் குப்பியின் உட்சுவரைச் சுரண்டினால் படிகம் கிளம்பும். இது உலகத்துக்கே தெரிந்த வித்தை, எந்தக் குச்சியும் செய்யும். ஆனால் இங்கே அந்தக் குச்சிதான் செய்ய வேண்டும். புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது அதன் மகிமையைத்தான். பேராசிரியர் எத்தனையோ கட்டுரைகள் எழுதிய மனிதர், தீர்க்கமான மூளை. குச்சி விஷயத்தில் மட்டும் அந்த மூளையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வருவார்.

ஊசி முதலில் குச்சியைத் தொட மறுத்தவள். அவளுடைய முதல் அயோடின் படிகம் குச்சி தொடாத குப்பியில்தான் வந்தது. “ராசியில்லாம வந்தது ராசியில்லாமத்தான் போகும்,” என்று பேராசிரியர் முகம் சுளித்தார். அதற்குப் பிறகு, சண்டை எதற்கு என்று, குப்பிச் சுவரில் ஒட்டிய படிகங்களைச் சுரண்டி எடுக்க மட்டும் அவளும் அதைப் பயன்படுத்தினாள்.

அன்று வழக்கம்போல் குச்சியை ஆல்கஹாலில் முக்கித் துடைத்தாள். நுனி, காலம் காலமாகச் சுரண்டிச் சுரண்டி, மங்கிச் சொரசொரத்துப் போயிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அந்தச் சொரசொரப்புக்குள் ஏதோ மினுங்கியது. ஆரஞ்சு நிறம்.

அவள் கை நின்றுவிட்டது. குச்சியைக் கொண்டுபோய் நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்த்தாள். கீறல்களுக்குள் பொடிப் பொடியாக, பட்டை தீட்டிய ஓரங்களோடு, அவளுடைய படிகம். அவள் சுரண்டியபோது உடைந்து ஒட்டிக்கொண்டது. ஆல்கஹாலில் அந்தப் படிகம் கரையவே கரையாது. கரையாத திரவத்தில் கழுவிக் கழுவி, சுத்தமாகிவிட்டது என்று நம்பி, எல்லோரும் அதைக் குப்பிக்குக் குப்பி விதைத்துக்கொண்டிருந்தார்கள்.

செல்லப்பிள்ளை தன் மேசையில் உட்கார்ந்து படங்களுக்கு நிறம் கொடுத்துக்கொண்டிருந்தான். ஊசி வந்து நின்றதும் பயந்துபோய் எழுந்தான்.

“மெத்தில் குப்பிய குச்சியால சுரண்டினியா?”

“பின்ன? மொதல்ல ஒண்ணுமே வரலக்கா. சார்தான் நல்லா சுரண்டுன்னாரு. சுரண்டின கோட்டு மேலயே வரிசையா வந்துது. அக்கா, நான் ஏமாத்தல. அது மெத்தில்தான், வேணும்னா…”

“நீ ஏமாத்தினேன்னு யாருடா சொன்னா? அது மெத்தில்தான். ஆனா காப்பி அடிச்ச மெத்தில்.” அவள் அவனை நுண்ணோக்கிக்கு இழுத்துக்கொண்டு போனாள். “பாரு. இது என் அயோடின் படிகம். கரைசல்ல மிதந்துட்டு இருந்த உன் மெத்திலுக்கு எப்படி அடுக்கி நிக்கிறதுன்னு தெரியல. திடீர்னு இந்தத் துணுக்கு உள்ள விழுந்துது. எழுதி முடிச்ச பேப்பர் பக்கத்துல கிடைச்ச மாதிரி. பாத்து அப்படியே எழுதிடுச்சு. தனியா உக்கார வெச்சா என்ன எழுதும்? அத நீ பாக்கவே இல்லையே.”

அவன் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மெல்லக் கேட்டான்: “சார்கிட்ட யாரு சொல்றது?”

“நான்தான். உனக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம். உன் மெத்தில் பொருள் மிச்சம் இருக்கா? அத மட்டும் குடு.”

அவன் இழுப்பறையைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். “நான் குடுத்தேன்னு சொல்லாதீங்கக்கா,” என்றபடி கொடுத்தான்.

ஊசி கடைச் சீல் பிரிக்காத புதுக் குப்பிகளை எடுத்தாள். சிலவற்றில் மெத்தில், சிலவற்றில் அயோடின், எல்லாவற்றிலும் அதே மாலிப்டினக் கொத்து. குப்பிகளை ஈதர் ஊற்றிய பெரிய ஜாடிகளுக்குள் இறக்கி மூடினாள். ஈதர் ஆவி மெல்ல உள்ளே இறங்கும். கரைசலுக்குக் கரைக்கும் சக்தி குறையும். உள்ளே இருப்பவை வேறு வழியில்லாமல் ஒன்று சேர்ந்து நிற்க இடம் தேடும். குச்சி இல்லை, சுரண்டல் இல்லை. ஜாடிகளைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

பிறகு நேராகப் பேராசிரியர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார், குச்சி என்ற வார்த்தை வரும்வரை.

“என் குச்சியக் குத்தம் சொல்றியா?”

“குச்சிய இல்ல சார். அத நாம கழுவின லட்சணத்தச் சொல்றேன். கட்டுரைய ஒரு வாரம் தள்ளி வைங்க.”

“தள்ள மாட்டேன். தோத்துப்போனவங்க எல்லாரும் கடைசியில பாத்திரத்தத்தான் குத்தம் சொல்வாங்க.” அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். “திங்கட்கிழமை காலைல எக்ஸ்ரே கருவியில உன் முறை வருது. உன் ஆய்வேட்டுக்குக் கடைசிப் படிகம் பாக்கி இருக்கு. அந்த நேரத்துல வேற எதையாவது வெச்சு வீணாக்கினே, மறுபடி முறை வர எவ்வளவு காலம் ஆகும்னு உனக்கே தெரியும். நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.”

வெளியே வந்தவள் நேராக ஆய்வகத்துக்குப் போனாள். ராசிக்குச்சியை எடுத்து, ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் இறக்கி, வாயை அடைத்து, மேலே ஒரு சீட்டு ஒட்டினாள்: ‘சோதனை மாதிரி. தொட வேண்டாம்.’ அதைப் பேராசிரியர் எப்போதும் குச்சியைத் தொங்கவிடும் அதே ஆணியில் தொங்கவிட்டாள்.

திங்கட்கிழமை காலை அலமாரியைத் திறந்தாள். அயோடின் குப்பிகளில், யார் சொல்லியும் கொடுக்காமல், கட்டி கட்டியாக ஆரஞ்சுப் படிகங்கள். பக்கத்து ஜாடியில் மெத்தில். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குப்பியை வெளிச்சத்தில் தூக்கினாள். அடியில், காகிதம் போல மெலிந்த வெளிர்மஞ்சள் தகடுகள். கட்டி ஒன்றுகூட இல்லை.

வடிவம் வேறு என்பதாலேயே உள்ளே அடுக்கும் வேறு என்று ஆகிவிடாது. ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஒன்று குண்டாகவும் ஒன்று ஒல்லியாகவும் இருப்பதில்லையா? அளந்தால்தான் தெரியும். அளக்க இருப்பது ஒரே முறை. ஒரு கையில் அவளுடைய கடைசிப் படிகம் இருந்த குப்பி, இன்னொரு கையில் இந்தத் தகடு.

கருவி அறையில் எக்ஸ்ரே அண்ணன் காத்திருந்தார். அந்தக் கருவியைக் கட்டி மேய்ப்பவர். அறைக்குள் யார் தும்மினாலும் முறைப்பவர். நுண்ணோக்கியில் அவள் எண்ணெய்த் துளிக்குள் தகட்டை நகர்த்துவதைப் பார்த்துவிட்டு, “இது உன் படிகம் மாதிரி தெரியலையே. யாரோடது?” என்றார்.

“எதிர்க்கட்சியோடது அண்ணா.”

“உன் முறையில எதிர்க்கட்சிப் படிகமா? கிறுக்கா உனக்கு?”

“ஆமா,” என்றாள். சின்ன நூல் கண்ணியில் தகட்டைத் தூக்கிக் கருவியின் முனையில் பொருத்தினாள். குளிர்ந்த நைட்ரஜன் அதன் மேல் வீசியது. எண்ணெய் உறைந்து தகடு அசையாமல் நின்றது.

எக்ஸ்ரே அண்ணன் கதவை மூடிப் பொத்தானை அழுத்தினார். திரையில் புள்ளிகள் வந்தன. புள்ளிகளிலிருந்து கணினி பெட்டியின் நீளங்களைக் கணக்கிட ஆரம்பித்தது. தான் தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று அப்போதுதான் ஊசி முதல் தடவையாக நினைத்தாள். தப்பாக இருந்தால் அத்தையிடம் போய் முதலில் சொல்ல வேண்டும், பிறகு பேராசிரியரிடம். அதையும் தலை நிமிர்ந்தே சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

எண்கள் வந்தன. ஒரு நீளம்கூடப் பழைய பெட்டியோடு ஒத்துப்போகவில்லை. முழு அளவையும் எடுத்து முடித்துப் படம் வந்தபோது, மெத்தில் ஆக்சிஜனுக்கு முகம் காட்டாமல் ஒருக்களித்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. நெரிசல் பஸ்ஸில் நிற்பவர்கள் நிற்பது போலவே.

அவள் எண்கள் அச்சிட்ட காகிதத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். பேராசிரியர் ஆய்வகத்தில், ஆணியில் தொங்கிய குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, சீட்டில் இருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார். காகிதத்தை அவர் முன்னால் வைத்தாள். அவர் பார்த்தார். எண்களைத் திரும்பவும் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அவரும் படிகத்துக்காக வாழ்நாளைக் கொடுத்த மனிதர். எண்களைப் பார்த்துப் பொய் சொல்ல அவருக்கு வராது.

“வேற அடுக்குதான்,” என்றார் கடைசியில். “சரி. கட்டுரையில ஒரு அடிக்குறிப்பு சேத்துக்கலாம். விதை போடாம வளத்தா மெத்தில் வேற மாதிரியும் வரலாம்னு.”

“அடிக்குறிப்புல வேண்டாம் சார். அயோடின் பிடிச்சுட்டு நிக்குதுன்னு தலைப்புலயே வரணும்.”

“இல்லேன்னா?”

“இல்லேன்னா என் பேரும் வேண்டாம், என் படிகமும் வேண்டாம். நீங்க உங்க கட்டுரைய அனுப்புங்க, நான் என்னோடத அனுப்பறேன். அத்தியாயத்துக்குக் கையெழுத்துப் போட வேற ஆள் கிடைக்கலைன்னா கையெழுத்து இல்லாமலே இருக்கட்டும்.”

“இவ்வளவு திமிரா உனக்கு?”

“ஆமா சார்.”

அப்போது பின்னாலிருந்து ஒரு தொண்டைச் செருமல். செல்லப்பிள்ளை நின்றுகொண்டிருந்தான், கையில் அவனுடைய பழைய குப்பி. குச்சியால் சுரண்டிய அதே குப்பி.

“சார், இதையும் பாத்துடுங்க. அளந்தது போக மிச்சத்த கரைசலோடவே வெச்சிருந்தேன். நேத்து பாத்தேன்.” அவன் குரல் கம்மியது. “கட்டியெல்லாம் கரைஞ்சு போச்சு. அதே இடத்துல தகடு வந்திருக்கு. காப்பி அடிச்சது நிக்கல சார்.” பிறகு, தன் வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் கேட்காமலே ஒன்றைச் சொன்னான். “மெத்தில் பொருள அக்காவுக்குக் குடுத்தது நான்தான். தலைப்பு மாறலைன்னா என் பேரையும் எடுத்துடுங்க.”

ஊசிக்குக் கண் கலங்கியது. அழுவதற்கு இது இடமில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பேராசிரியர் குப்பியை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். சுரண்டிய கோட்டின் மேலேயே, வரிசையாக, வெளிர்மஞ்சள் தகடுகள். வெகுநேரம் பார்த்தார். அவருடைய இன்னொரு கையில் குழாய்க்குள் குச்சி இருந்தது. ஏதோ பழக்க தோஷத்தில் அதன் அடைப்பைத் திறக்கப் போனார்.

ஊசி குழாயின் மேல் கை வைத்துத் தடுத்தாள்.

“அது இல்லாமலே வளருது சார்.”

அவர் அவளையும் குச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குழாயை அதே ஆணியில் மாட்டிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தலைப்ப நீயே சொல்லு,” என்றார். “நான் எழுதிக்கறேன்.”